டிராக் டே போயிட்டு வந்தப்புறம் மலை ரோட்டுல பழைய ருசி இல்லீங்க, உங்களுக்கும் இப்படி ஆச்சா?

ஆழியார்_விடியல் (கோவை) கேட்டது:

எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டி டிவிஎஸ் ஆர்ஆர் 310. ஞாயித்துக்கிழமை இருட்டோட கெளம்பி ஆழியார் வழியா வால்பாறை ஏறி அங்க ஒரு டீயக் குடிச்சுட்டு மத்தியானச் சோத்துக்கு வீடு வந்து சேர்றது, இல்லைன்னா மேட்டுப்பாளையம் கோத்தகிரி, வருசக்கணக்கா இதுதான் என்னோட சந்தோசம். அந்த 40 கொண்டை ஊசியும் எனக்கு அத்துப்படி. ஒம்பதாவது வளைவு வியூ பாயிண்ட்ல வரையாடு ரோட்டோரமா நிக்கறது, அதுக்கு மேல திடீர்னு குளிர் அடிக்க ஆரம்பிக்கறது, தேயிலைத் தோட்டம் தொடங்கற இடம், எல்லாம் கண்ண மூடிட்டுச் சொல்லுவேன்.

கொஞ்ச நாளைக்கு முன்னாடி ஃப்ரெண்டு ஒருத்தன் இழுத்துட்டுப் போயி செட்டிபாளையம் கரி ஸ்பீட்வேல டிராக் டே ஒண்ணுல, அதாவது ரேஸ் டிராக்ல நம்ம வண்டிய ஓட்டிப் பழகற நாள்ல, சேத்துவிட்டான். மொத்தமே 2.1 கிமீ சுத்துதான், சின்ன டிராக், இதுல என்ன இருக்கப்போகுதுன்னு நெனச்சுட்டுத்தான் போனேன். ஆனா ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப எடுக்கறப்ப என்ன நடக்குதுன்னு அன்னைக்குத்தாங்க தெரிஞ்சுது. காலைல முதல் செஷன்ல பிரேக் புடிச்ச இடம் வேற, சாயந்திரம் புடிச்ச இடம் வேற. ஒரு லெஃப்ட்டுல நான் தடுமாறிட்டே இருந்தேன், கோச் வந்து ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாரு, வண்டியச் சாய்க்கறதுக்கு முன்னாடி தலைய திருப்பி வளைவு முடியற இடத்தைப் பாரு, மத்ததெல்லாம் மறந்துருன்னாரு. அதை மட்டும் பண்ணேன், வண்டி தானா உள்ள எறங்குச்சு, கை தளர்ந்துருச்சு, அடுத்த ரவுண்டுலயும் அதே எடம், அதே சாய்வு, அதுக்கடுத்த ரவுண்டுலயும் அதே. அந்த சுகத்தை எப்படிச் சொல்றதுன்னே தெரியல.

பிரச்சனை என்னன்னா அதுக்கப்புறம் வால்பாறை போனேன், மனசே ஒட்டல. முன்னாடி ஒரு பஸ்ஸு, அதுக்கு முன்னாடி ஒரு டூரிஸ்ட் வேன், காலி ரோடு கெடச்சா உள்ள ஒரு குரல், இதுல இன்னும் பத்து கூட்டிப் போலாமே, இன்னும் சாய்க்கலாமேன்னு. அந்தக் குரல் எனக்குப் புடிக்கலீங்க. முன்ன எல்லாம் வேடிக்கை பாத்துட்டுப் போனவன், இப்ப ஒவ்வொரு வளைவையும் மார்க் போடற மாதிரி பாக்கறேன்.

டிராக் போறவங்க ரோட்டுலயும் அதே ஆசையோட ஓட்டறீங்களா? இல்ல ரோட்டு ரைடையே விட்டுட்டு ஒரு பழைய யமஹா ஆர்15 பைக் வாங்கி டிராக்குக்குன்னு வச்சுக்கறது நல்லதா? எங்க குரூப்ல பாதிப் பேரு இப்படிச் சொல்றான், பாதிப் பேரு அப்படிச் சொல்றான். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.


சி1_சென்னை எழுதியது:

ப்ரோ, அந்தக் குரல் டிராக்ல இருந்து திரும்புற எல்லாருக்கும் கொஞ்ச நாள் கேக்கும். அது தப்பான ஆசை இல்ல, தப்பான எடத்துல கேக்குது, அவ்ளோதான். ஏன்னு கணக்கோட சொல்றேன், எனக்கு இந்தக் கணக்குதான் மண்டைய தெளிய வச்சுது.

மலைல இருக்குற கொண்டை ஊசிய எடுத்துக்க. நீ போற தடத்தோட ஆரம் சுமாரா 10 மீட்டர்னு வை. 30 டிகிரி சாய்ச்சா அதுல போற வேகம் 27 கிமீ. சரி, உயிர கையில புடிச்சுகிட்டு ரேஸர் மாதிரி 45 டிகிரி சாய்க்கிறன்னு வை, அப்பவும் 36 கிமீ தான் வரும். அவ்ளோ ரிஸ்க்குக்கும் கெடைக்கிறது 9 கிமீ. வளைவு நீளம் 31 மீட்டர் சொச்சம், அதுல நீ மிச்சம் பண்றது ஒரே ஒரு செகண்ட். நாப்பது வளைவுலயும் இதயே பண்ணாலும் 40 செகண்ட் முன்னாடி வால்பாறை போய்ச் சேருவ. அதே சமயம் டிராக்ல 60 மீட்டர் ஆரம் இருக்குற ஒரு வளைவுல அதே 30 டிகிரிக்கு 66 கிமீ, 45 டிகிரிக்கு 87 கிமீ. வித்தியாசம் உடம்புக்குத் தெரியும், நேரத்துலயும் தெரியும், வழுக்குனா உருண்டு போக எடமும் இருக்கு. அதாவது உனக்குப் புடிச்சுப் போன அந்த சுகத்த கொடுக்குற தெம்பே கொண்டை ஊசிக்குக் கெடையாது. இல்லாத ஒண்ண அங்க போய்த் தேடுற, அதான் சப்புன்னு இருக்கு.

நான் இருங்காட்டுக்கோட்டைல ஓட்டுறவன். 3.717 கிமீ, 12 வளைவு, 1990ல இருந்து ஓடிட்டு இருக்குற டிராக். மெயின் ஸ்ட்ரெயிட் முடிஞ்சு சி1ங்கற முதல் வளைவு வரும் பாரு, அங்க த்ராட்டில், அதான் ஆக்சிலரேட்டர், எவ்ளோ நேரம் தொறந்து வைக்கிறோம்ங்கறதுல ஒவ்வொரு செஷனும் கொஞ்சம் கொஞ்சமா முன்னேறலாம், காரணம் நேத்து இருந்த ரோடுதான் இன்னிக்கும் இருக்கு. எதுர்ல வண்டி வராது, எல்லாரும் ஒரே திசை, எவனாவது விழுந்தா மார்ஷல் மஞ்சக் கொடி காட்டுவான், பெருசா ஆச்சுன்னா சிவப்புக் கொடி, எல்லாம் உள்ள வந்துடணும், ஆம்புலன்ஸ் பக்கத்துலயே நிக்குது. இவ்ளோ ஏற்பாடு இருக்குறதாலதான் மனசு முழுசா அந்த ஒரு வளைவுல நிக்க முடியுது. மலை ரோட்டுல மனசுல முக்கால்வாசி 'அந்தப் பக்கம் என்ன வருது'ங்கறதுலதான் இருக்கணும், அப்படி இருந்தாதான் நீ நல்ல ரைடர்.

இன்னொண்ணு, யாரும் சொல்ல மாட்டாங்க. உன் இன்சூரன்ஸ் பாலிசிய எடுத்து 'எதுக்கெல்லாம் பொருந்தாது'ன்னு போட்டிருக்குற பகுதிய படி. ரேஸ், ஸ்பீட் டெஸ்டிங் எல்லாம் கவர்ல வராதுன்னு போட்டிருக்கும். டிராக்ல விழுந்தா வண்டிச் செலவு உன்னோடது, இத மனசுல வச்சுகிட்டுதான் அந்த ஆர்15 யோசனைய முடிவு பண்ணணும். என் பதில், வாங்கு. ஆனா ரோட்டு வண்டிய விக்காத.


முட்டுக்காடு_எக்ஸ்பிரஸ் எழுதியது:

எதுக்கு ப்ரோ டிராக்குக்குக் காசு, சனிக்கிழம ஞாயித்துக்கிழம காலைல அஞ்சு மணிக்கு ஈசிஆர் வந்து பாருங்க, கோவளம் தாண்டுனா ரோடு காலி, நல்ல தார், லாங் ஸ்ட்ரெயிட், நாங்க ஒரு கேங்கா வரோம், டிராக் ஃபீல் அப்படியே கெடைக்கும்


சி1_சென்னை எழுதியது:

தம்பி, கோச்சுக்காம கேளு, நானும் அந்த ரோட்டுலதான் வளந்தேன். 'காலி'ன்னு நீ சொல்ற ரோட்டுல அஞ்சு மணிக்கு மீன் ஏத்த போற லோடு வண்டி, பால் வண்டி, லைட் இல்லாத சைக்கிள், வாக்கிங் போற பெரியவங்க, நாய், மாடு எல்லாம் இருக்காங்க, உன் கண்ணுக்குத் தெரியல அவ்ளோதான். 120ல போனா ஒரு செகண்டுக்கு 33 மீட்டர் போற. கண்ணு பாத்து, மூளை முடிவெடுத்து, விரல் லீவரத் தொட அந்த ஒரு செகண்ட் ஆகும். உன் லோ பீம் தெளிவா காட்டுறது சுமார் 50 மீட்டர். மிச்சம் இருக்குற 17 மீட்டர்ல 120ல இருந்து நிக்குற பைக் உலகத்துலயே கெடையாது. அப்ப நீ கண்ணுக்குத் தெரியாத எடத்துக்குள்ள வண்டிய ஓட்டுற.

ரோட்டுல ரேஸ் விட்டா மோட்டார் வாகனச் சட்டம் 189வது பிரிவுல கேஸ், ஃபைன் இருக்கு, ஜெயிலும் இருக்கு. ஆனா அதுக்காக இத சொல்லல. குறுக்க வர்றவன் உன்னோட வெளையாட்டுக்கு ஒத்துக்கிட்டு வந்தவன் இல்ல. டிராக்ல என் பக்கத்துல ஓட்டுறவன் கையெழுத்துப் போட்டுட்டு, சூட் மாட்டிகிட்டு, தெரிஞ்சேதான் வந்திருக்கான். எனக்கு இது ரொம்பப் பெரிய வித்தியாசம். ஒரு தடவ இருங்காட்டுக்கோட்டைக்கு வா, பூந்தமல்லி தாண்டி ஸ்ரீபெரும்புதூர் ரோட்டுலதான் இருக்கு, ஒரு செஷன் பாத்துட்டு அப்புறம் பேசலாம்.


கொல்லிமலை_அடிவாரம் (சேலம்) எழுதியது:

தம்பி ஆழியார், சென்னைத் தம்பி சொன்ன கணக்கு நூத்துக்கு நூறு சரி. ஆனா அவரு ரோட்டை 'டிராக்ல இருக்கறது இல்லாத எடம்'னு சொல்ற மாதிரி எனக்குப் பட்டது, அதுல மட்டும் எனக்கு ஒப்புதல் இல்ல. ரோட்டு ஓட்டம் தனி வித்தை. அதுக்குன்னு ஒரு ஆழம் இருக்கு, அதுல எறங்குனா ஆயுசு பூரா போதாது.

நான் சின்னப் பையனா இருந்தப்ப மெட்ராஸ்ல மாமா வீட்டுக்குப் போனா சோழவரம் கூட்டிட்டுப் போவாரு, பழைய விமான ஓடுதளம், உலகப்போர் காலத்துல போட்டது, அங்கதான் அந்தக் காலத்து ரேஸ் எல்லாம். ஆர்டி 350 சத்தம் இன்னும் காதுல இருக்கு. அதனால டிராக் மேல எனக்கு மரியாதை உண்டு, அதைச் சொல்லிட்டு விசயத்துக்கு வரேன்.

எனக்கு ஏற்காடு வீட்டு வாசல் மாதிரி, 20 வளைவு. கொல்லிமலை காரவள்ளி பக்கம் ஏறுனா 70 வளைவு. இத்தனை வருசத்துல ஒரு நாள் இருந்த மாதிரி மறுநாள் அந்த ரோடு இருந்ததில்ல. மழை பேஞ்ச மறுநாள் மேல இருந்து மண்ணு வளைவோட உள் ஓரத்துல வந்து படிஞ்சிருக்கும், வெளி ஓரம் சுத்தமா இருக்கும். வெயில் படாத பக்கம் தார் மேல பச்சையா பாசி மினுக்கும். சில்வர் ஓக் எலை நனைஞ்சு கிடந்தா அது சோப்புதான். கோடை முடிஞ்சு விழற முதல் மழை இருக்கே, தார்ல ஊறிக் கிடந்த எண்ணெயெல்லாம் மேல மிதக்கும், அன்னைக்கு கத்துக்குட்டிய மலைக்கு அனுப்ப மாட்டேன். பாத்துட்டே போறப்ப ரோட்டோட நிறம் ஒரு எடத்துல கருப்பா மாறுனா அது ஈரமா, டீசலா, புதுசா போட்ட தாரான்னு வண்டி அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். இதைப் படிச்சுகிட்டே 40ல ஒரு மலை ஏறி முடிச்சா, ஒரு எடத்துல கூட அவசரமா பிரேக் புடிக்காம, ஒரு எடத்துல கூட வண்டி துள்ளாம ஏறி முடிச்சா, அந்தத் திருப்தி டிராக்குக்குக் கொறஞ்சது இல்ல தம்பி.

டிராக்ல கத்துக்கிட்ட தடத்தை ரோட்டுல போடாத, இது ரொம்ப முக்கியம். டிராக்ல வெளிய இருந்து உள்ள வந்து திரும்ப வெளிய போவீங்க, முழு அகலமும் உங்களோடது. நம்ம ஊர்ல இடது பக்கம் போறோம். வலது வளைவுல உள் ஓரத்தைத் தொடறதுன்னா அது நடுக்கோடு. டயர் கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் வண்டி சாய்ஞ்சிருக்கறதால உன் தலையும் தோளும் கோட்டைத் தாண்டி எதுர்ல வர்றவன் பாதைல தொங்கும். எதுர்ல வர்ற லாரி சரியா அந்த எடத்துலதான் வரும். அதனால வலது வளைவுல உள்ள போகாத, உன் பாதையோட இடது பாதிலயே இரு, வளைவு முடியறது கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் தான் கொஞ்சம் உள்ள வா. இடது வளைவுல உள்ள நொழையறப்ப கொஞ்சம் நடுவுப் பக்கமா இருந்தா முன்னாடி தூரம் தெரியும், ஆனா எதுர்ல ஹாரன் கேட்டா ஓரத்துக்கு வர எடம் விட்டு வை.

அப்புறம் பஸ்ஸு. கொண்டை ஊசில பஸ் திரும்பறப்ப முன் டயர் வெளி ஓரத்தை முட்டிட்டுப் போகும், பின் டயர் உள் ஓரத்தை அரைச்சுட்டு வரும். நடுவுல எடம் இருக்கற மாதிரி தெரியும், அந்த எடம் ரெண்டு நொடில இருக்காது. பஸ் வருதுன்னா வளைவுக்கு முன்னாடியே நில்லு, வளைவுக்குள்ள நிக்காத. மேல ஏர்ற வண்டிக்கு எறங்கற வண்டி வழி விடணும்னு சட்டமே இருக்கு, ஆனா பஸ்ஸுக்கு எந்தப் பக்கம் போனாலும் நீயே விட்டுரு. மலை பஸ் டிரைவர் ஓட்டறதை ஒரு நாள் பின்னாலயே போய்ப் பாரு, உனக்கு முன்னாடி பஸ் போகுதுன்னு சலிச்சுகிட்டயே, நான் அதை வேணும்னே தேடிப் பின்னால போவேன். எங்க கியர் எறக்கறாரு, எங்க ஹாரன் அடிக்கறாரு, எங்க அடிக்காம விடறாருன்னு பாரு. தினம் அந்த ரோட்டுல ஓட்டற மனுசன் அவரு.

மார்ச்சு ஏப்ரல்ல ஒரு மழை விழுந்த பிறகு ஏற்காட்டுல காப்பிப் பூ பூத்திருக்கறப்ப ஹெல்மெட் வைசரைத் தூக்கிட்டு மெதுவா ஏறிப் பாரு. அதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல.


மலைக்கோட்டை_310 (திருச்சி) எழுதியது:

ஐயா எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன். அந்த வலது வளைவு விசயம் புதுசா ஓட்டுற எல்லாரும் படிக்கணும்.

என் பங்குக்கு. நான் ரெண்டும் பண்றேன், ரோட்டு டூரும் போவேன், சென்னை டிராக்கும் போவேன், கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூல் அங்க வந்தப்பவும் போனேன், கீத் கோடு 1980ல ஆரம்பிச்ச ஸ்கூல், ஒரு செஷனுக்கு ஒரே ஒரு விசயம்னு சொல்லிக் குடுப்பாங்க. த்ராட்டில் மட்டும் ஒரு செஷன், எந்த இடத்துல வண்டியத் திருப்பணும்ங்கறது மட்டும் ஒரு செஷன், கண்ணு மட்டும் ஒரு செஷன். ஒண்ண உருப்படியா கத்துகிட்டு அடுத்ததுக்குப் போறது, எனக்கு அந்த முறை ரொம்பப் பிடிச்சுது.

அங்க இருந்து ரோட்டுக்கு எது வரும் எது வராதுன்னு பிரிச்சு வச்சுகிட்டா தம்பி சொல்ற குழப்பமே இருக்காது. கண்ணு வரும். பள்ளத்தையே பாத்தா பள்ளத்துல போய் விழுவோம், போக வேண்டிய இடத்தைப் பாத்தா வண்டி அங்க போகும், இது டிராக்ல நூறு தடவ பண்ணி உடம்புல ஏறிரும், திண்டுக்கல் ரோட்டுல நாய் குறுக்க வர்றப்ப அதுதான் காப்பாத்தும். பிரேக் புடிக்கிற விதம் வரும், சட்டுன்னு அமுக்காம முதல்ல முன் சஸ்பென்ஷன் எறங்க விட்டுட்டு அப்புறம் அழுத்தறது. கை தளர்வா இருக்கறது, கால் முட்டியால டேங்க்க இறுக்கிப் புடிக்கறது, வளைவுக்குள்ள த்ராட்டில மூடாம சீரா வைக்கறது, இதெல்லாம் வரும். நாள் பூரா ஓட்டினாலும் மணிக்கட்டு வலிக்காம இருக்கறதுக்குக் காரணமே இதுதான். வராதது எதுன்னா, ஐயா சொன்ன அந்தத் தடம், சீட்டுல இருந்து உடம்பத் தொங்கப் போடறது, ரோடு புடிக்கும்ங்கற நம்பிக்கை. டிராக்ல தார் சுத்தமா இருக்கும், டயர் சூடா இருக்கும், கரூர் பைபாஸ்ல நெல்லு கொட்டிக் காய வச்சிருப்பாங்க. அந்த நம்பிக்கைய டிராக் கேட்லயே கழட்டி வச்சுட்டு வந்துரணும்.

உடம்பு களைப்பும் வேற மாதிரி. டிராக்ல ஒரு செஷன் இருபது நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிரும், ஆனா லெதர் சூட்டுக்குள்ள சென்னை வெயில்ல அந்த இருபது நிமிஷம் ஆளப் பிழிஞ்சிரும். பக்கத்து டென்ட்ல பெரிய வண்டிக்காரங்க எல்லாம் சூட்ட இடுப்பு வரைக்கும் எறக்கி விட்டுட்டு ஓஆர்எஸ் குடிச்சுட்டு உக்காந்திருப்பாங்க. ரோட்டுல களைப்பு மெதுவா வரும், அதனாலயே ஆபத்து, தெரியாம வரும். நான் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்திருவேன்.

ஆர்15 யோசனை நல்லது. சின்ன வண்டில டிராக் கத்துக்கறது பெரிய வண்டிய விட வேகமா வரும், ஸ்ட்ரெயிட்ல வேகம் காப்பாத்தாது, வளைவுல மட்டும்தான் சம்பாதிக்கணும். கண்ணாடியக் கழட்டி, லைட்டுக்கெல்லாம் டேப் ஒட்டி அப்படியே வச்சிரலாம், ஒவ்வொரு தடவையும் ரோட்டு வண்டியப் பிரிச்சு மாட்ட வேண்டியதில்ல. மனசுக்கும் அது நல்லது, அந்த வண்டில ஏறுனா அந்தப் புத்தி, இந்த வண்டில ஏறுனா இந்தப் புத்தி.


ஸ்பேனர்_கோவை எழுதியது:

ரைடைப் பத்தி பெரியவங்க சொல்லிட்டாங்க, வண்டியப் பத்தி ரெண்டு வார்த்த சொல்லிடறனுங்.

டிராக் போயிட்டு வந்த வண்டிய அப்படியே மலைக்கு எடுக்காதீங்க. பிரேக் ஆயிலப் பாருங்க. டாட் 4 ஆயில் புதுசா இருக்கறப்ப கொதிநிலை கொறஞ்சது 230 டிகிரி, காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சிப் பழசானா 155 வரைக்கும் எறங்கிடும். டிராக்ல நாள் முழுக்க சூடேறுன ஆயிலோட வால்பாறைல இருந்து பிரேக்கப் புடிச்சுட்டே எறங்குனா லீவர் பஞ்சு மாதிரி உள்ள போயிடும். வருசம் ஒருக்கா மாத்துங்க, டிராக் போறவங்க அதுக்கும் முன்னாடியே. எறங்கறப்ப ரெண்டாவது கியர்ல போட்டு இன்ஜின்ல தான் வண்டியப் புடிக்கணும், பிரேக்க விட்டு விட்டுப் புடிக்கணும்.

டயர் காத்து, டிராக்ல டயர் சூடாகி பிரஷர் ஏறும்னு கொறச்சு விடுவாங்க. வீட்டுக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி கம்பெனி சொன்ன அளவுக்கு ஏத்திடுங்க, அதை மறந்துட்டு அவிநாசி ரோட்டுல பள்ளத்துல விட்டு ரிம் வளைஞ்சு என்கிட்ட வர்ற வண்டி நெறைய. அப்புறம் டிராக்குக்குன்னு கூலன்ட்ட எறக்கிட்டு வெறும் தண்ணி ஊத்துவாங்க, கீழ சிந்துனா மத்தவங்களுக்கு வழுக்கக் கூடாதுன்னு. ஆர்15 வாங்குனீங்கன்னா தண்ணியோட மாசக்கணக்கா நிறுத்திடாதீங்க, உள்ள துரு புடிக்கும். செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேடு, ரெண்டையும் கண்ணால பாத்துட்டுக் கெளம்புங்க, அது எந்த ரோடா இருந்தாலும்.


முட்டுக்காடு_எக்ஸ்பிரஸ் எழுதியது:

சி1 ப்ரோ, அந்த 33 மீட்டர் கணக்க எங்க கேங்ல போட்டேன், ரெண்டு பேரு சண்டைக்கு வந்தானுங்க, ஒருத்தன் டிராக் டே எப்போன்னு கேட்டான். எங்ககிட்ட பல்சர் என்எஸ் 200 தான் இருக்கு, சூட்டும் இல்ல, உள்ள விடுவாங்களா?


சி1_சென்னை எழுதியது:

தாராளமா விடுவாங்க. என்எஸ் 200ல அங்க ஓட்டுறவங்க நெறைய பேரு, வேகத்தப் பாத்து குரூப் பிரிப்பாங்க, உன் குரூப்ல உன்ன மாதிரி புதுசா வந்தவங்கதான் இருப்பாங்க. சூட் வாடகைக்குக் கெடைக்கும், புக் பண்றப்பவே உயரம் எடை சொல்லிடு. வண்டில ஆயில் கசிவு இருக்கக் கூடாது, டயர்ல பட்டன் இருக்கணும், பிரேக் ஒழுங்கா இருக்கணும், உள்ள விடறதுக்கு முன்னாடி செக் பண்ணுவாங்க. ராத்திரி நல்லா தூங்கிட்டு வா. அந்த ரெண்டு பேரயும் கூட்டிட்டு வா, நான் கூட நிக்கிறேன்.


ஆழியார்_விடியல் எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இவ்வளவு விளக்கமா எழுதுவீங்கன்னு எதிர்பாக்கல.

இந்த வாரம் மறுபடி போனனுங்க. ஐயா சொன்ன மாதிரி ஆழியார் செக்போஸ்ட் தாண்டி ஒரு அரசு பஸ்ஸுக்குப் பின்னாலயே ஏறுனேன், ஓவர்டேக் பண்ணவே இல்ல. அந்த டிரைவர் ஒவ்வொரு கொண்டை ஊசிக்கும் முன்னாடி ஒரே எடத்துல கியர் எறக்கறாரு, எறக்குன உடனே தலைய வளைவு திரும்பற பக்கம் நல்லா திருப்பி மேல இருக்கற அடுத்த ரோட்டப் பாத்துக்கறாரு, அங்க வண்டி வருதான்னு. நான் இத்தனை வருசமா வளைவ மட்டும் பாத்துட்டு இருந்தேன், மேல இருக்கற ரோடு மரத்துக்கு நடுவுல தெரியுதுன்னே கவனிச்சதில்ல. அதுக்கப்புறம் நானும் அதையே பண்ண ஆரம்பிச்சேன், மேல வர்ற வேன் வளைவுக்கு வர்றதுக்கு முன்னாடியே தெரிஞ்சுது. வால்பாறை வர்ற வரைக்கும் அந்தக் குரல் கேக்கவே இல்லீங்க, அதுக்கு எடமே இல்ல, மண்டை பூரா ரோடுதான்.

ஆர்15 பாத்துட்டு இருக்கேன், செட்டிபாளையத்துக்கு மட்டும்தான். ரோட்டுக்கு 310. இனி ஆர்ஆர்ல டிராக்குக்குன்னு இருக்கற டிராக் மோட்ட ரோட்டுல தொடறதில்லைன்னும் முடிவு பண்ணிட்டேன்.

திருச்சி அக்கா, ஒரே ஒரு சந்தேகம். கைல இருக்கற காசுக்கு இப்ப ஒரு சாமான் தான் வாங்க முடியும். சூட் வாங்கறதா, இல்ல பூட்டும் கிளவுசும் வாங்கறதா?


மலைக்கோட்டை_310 (திருச்சி) எழுதியது:

பூட்டும் கிளவுசும் வாங்குங்க. சூட் வாடகைக்குக் கெடைக்கும், வருசத்துல சில நாள்தான் போடப்போறீங்க. பூட்டு கிளவுஸ் ரெண்டும் வாடகைக்கு எடுத்தா அளவு சரியா அமையாது, விரல் நுனில ஒரு அரை இன்ச் துணி மடங்கி நின்னாலும் பிரேக் லீவர் உணர்ச்சி தெரியாம போயிரும். கிளவுஸ் மணிக்கட்டு தாண்டி வரணும், உள்ளங்கை அடிப்பக்கம் வழுக்குற மாதிரி ஸ்லைடர் இருக்கணும், விழுந்தா முதல்ல அங்கதான் ஊனுவோம். பூட்டு கணுக்காலுக்கு மேல நிக்கணும், கைல புடிச்சு முறுக்கிப் பாருங்க, சுலபமா முறுகுச்சுன்னா வேண்டாம். ரெண்டும் வால்பாறைக்கும் உதவும். வாடகை சூட்டுல முதுகு பேட் உள்ள இருக்கான்னு தடவிப் பாத்துட்டு வாங்குங்க, சில சூட்டுல வெறும் ஸ்பான்ஜ் தான் வச்சிருப்பாங்க, அப்படி இருந்தா தனியா ஒண்ணு கேளுங்க.